பிடி இல்லாத கத்திகள்

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் கிடக்கும் பழங்காலக் கத்திகளை நின்று பார்த்தால், அநேகமாக எல்லாமே மொட்டைக் கத்திகள் என்பது தெரியும். அலகு துருவேறித் தடித்திருக்கும். அதன் அடியில் ஓர் இரும்பு வால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால் எதற்குள் செருகப்பட்டிருந்ததோ அது போய்விட்டிருக்கும். கற்காலக் கருவிகளின் நிலை இன்னும் மோசம், அவற்றுக்கு வால்கூடக் கிடையாது. விரல் நகமளவான கற்சில்லைக் காட்டி 'வெட்டும் கருவி' என்கிறது பெயர்ச்சீட்டு. அதை எப்படிக் கையில் பிடித்தார்கள் என்று கேட்டால் பதில் இராது.

பிடிதான் கருவியின் மறுபாதி. கையின் பலம் அலகுக்குப் போவதும் அலகின் அதிர்ச்சி கைக்குத் திரும்புவதும் அதன் வழியாகத்தான். வட இலங்கையின் வன்னியில் காட்டுக்கத்தி வாங்குபவர் அலகைச் சுண்டி ஓசை கேட்பதோடு நிற்கமாட்டார், பிடியைப் பற்றி இரண்டு வீச்சு வீசியும் பார்ப்பார். லொறியின் வில்லுத்தகட்டில் அடித்த அலகு தேய்ந்து முடியுமுன் அதற்குப் பல பிடிகள் மாறிவிடும். பாலையும் முதிரையும் கைக்கெட்டிய தூரத்தில் நிற்கும் நாட்டில் மரப்பிடிக்குப் பஞ்சமில்லை. உலகம் முழுவதும் மரத்துக்கு அடுத்தபடியாக மனிதர் நாடியது கொம்பையும் எலும்பையும்.

எலும்பைப் பிடியாக்கும் கைவினைஞர் செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. புதைந்த எலும்பை மண் என்ன செய்கிறது என்று தொல்லியலாளர் வைத்திருக்கும் பட்டியலோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே இரசாயனம். முதலில் மண்ணைப் பார்ப்போம்.

வன்னியின் இரணைமடு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது குளமும் கனகராயன் ஆறும் அதை நம்பிய வயல்களும். புவியியலாளருக்கு அது ஒரு மண்ணின் பெயர். அடியில் கிறவல், மேலே காற்றும் நீரும் கொண்டுவந்து குவித்த சிவப்பு மணல் என்று அமைந்த படிவுக்கு 'இரணைமடுப் படிவு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். வடக்கில் மட்டுமன்றித் தீவின் வடமேற்குக் கரையிலும் தென்கிழக்கிலும் இதே வகைப் படிவு உண்டு. அந்தக் கிறவலுக்குள் மனிதர் உடைத்த குவாட்ஸ், சேட் கற்கள் கிடக்கின்றன. தொல்லியலாளர் சிரான் தெரணியகல தம் வாழ்நாள் ஆய்வின் பெரும்பகுதியை இப்படிவின்மீது கட்டினார். 1992 இல் வெளியான அவருடைய இலங்கைத் தொல்வரலாற்று நூல் இன்றும் அடிப்படை நூல். ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவில் மனிதர் நடமாடினர் என்று அவர் கணித்ததும், தெற்கே புந்தலவுக்கு அருகே இதே படிவை அகழ்ந்து பார்த்துத்தான்.

கல் கிடைக்கிறது, எலும்பு கிடைப்பதில்லை. அந்த மனிதர் எலும்பைத் தொடவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இந்தச் சிவப்பு மணல் நீரைத் தேக்கிவைக்காத மண். ஒவ்வொரு மாரியிலும் வடகீழ்ப் பருவமழை அதை மேலிருந்து கீழாக அலசிவிட்டுப் போகிறது. கரையக்கூடிய சுண்ணாம்பெல்லாம் போய், இரும்பு பூசிய மணல் மட்டும் மிஞ்சுகிறது. சிவப்பு நிறம் அந்த இரும்பின் துருதான். மழைநீர் தன்னுள் கரைந்த கரியமில வாயுவால் இலேசான அமிலம். அதைத் தணிக்கச் சுண்ணாம்பு இல்லாத மண்ணில் புதைந்த எலும்பு தன் சுண்ணாம்பைக் கொடுத்துக் கொடுத்தே தீர்ந்துபோகும்.

எலும்பு என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அது கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த அபடைற்று வகை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. எஞ்சியது நீர். கொலாஜன் நாராக ஓட, அந்த நாருக்குள்ளும் நாருக்கிடையிலும் கனிமத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தகட்டின் தடிப்பு இரண்டு மூன்று நனோமீற்றர்தான். வைக்கோலை வெட்டிப்போட்டுக் குழைத்த மண்சுவரில் மண் பாரத்தைத் தாங்கும், வைக்கோல் வெடிப்பை ஓடவிடாது. எலும்பிலும் வேலைப் பங்கீடு அப்படியே. கனிமம் விறைப்பைத் தருகிறது, கொலாஜன் நொறுங்காமல் காக்கிறது.

இதைக் குசினியிலேயே பார்த்துவிடலாம். கோழியின் காலெலும்பு ஒன்றைச் சுத்தமாக்கி வினாகிரியில் சில நாட்கள் ஊறவிடுங்கள். கனிமம் கரைந்தபின் எலும்பு றப்பர்போல வளையும். இன்னொன்றை அடுப்புத் தணலில் வெள்ளையாகும்வரை போட்டெடுங்கள். வடிவம் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் பொடியாகும். முதலாவதில் புரதம் மிஞ்சியது, இரண்டாவதில் கனிமம் மிஞ்சியது. இரண்டில் எதையும் கொண்டு கத்திப்பிடி செய்யமுடியாது. இரணைமடு மண் வினாகிரியின் வேலையை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெதுவாகச் செய்கிறது. கனிமக் கவசம் போனதும் வெளிப்படும் கொலாஜனை மண்ணின் நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ஆகவே இரண்டு பாதியும் போகும்.

இரண்டின் விகிதம் சற்று மாறினாலே பொருளின் குணம் எவ்வளவு மாறும் என்பதைப் பிரித்தானிய உயிரியலாளர் ஜோன் கறி 1979 இல் அளந்து காட்டினார். அவர் எடுத்துக்கொண்டவை மூன்று: செம்மானின் கொம்பு, பசுவின் தொடையெலும்பு, திமிங்கிலத்தின் காதெலும்பு. எரித்தபின் மிஞ்சும் சாம்பல், அதாவது கனிமம், முறையே 59, 67, 86 சதவீதம். ஒரு சதுர மீற்றர் பரப்பை உடைத்துத் திறக்கத் தேவைப்படும் ஆற்றல் முறையே ஏறத்தாழ 6,200, 1,700, 200 ஜூல். காதெலும்பு மூன்றிலும் விறைப்பானது, ஆனால் தட்டினால் உடையும். அதன் வேலை ஒலியை வாங்குவது, அடியை வாங்குவது அல்ல. கொம்போ இன்னொரு மானோடு மோதுவதற்கென்றே வளர்வது. பசுவின் எலும்பு இடையில் நிற்கிறது.

எனவே அதிர்ச்சி தாங்கும் பிடிக்கு மான்கொம்பே முதலிடம். மரைக்கொம்பு உலகக் கத்திக் கைவினைஞர்களிடையே பேர்பெற்றது. மற்ற மான் கொம்புகளோடு ஒப்பிட்டால் அதன் நடுவில் பஞ்சுபோன்ற பகுதி குறைவு, சுவர் தடிப்பு. இந்தியாவிலிருந்து அது தொன்தொன்னாக ஏற்றுமதியாகி வந்து, 1990களின் இறுதியில் தடைசெய்யப்பட்டது. வன்னிக் காடுகளில் மரையும் புள்ளிமானும் உண்டு. ஆனால் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் உண்டு. காட்டு மிருகத்தின் கொம்போ எலும்போ கைவினைக்கு வேண்டாம். யானைத்தந்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. கைப்பற்றிய 359 தந்தங்களை, ஏறத்தாழ ஒன்றரைத் தொன், 2016 ஜனவரியில் இலங்கை அரசு கொழும்பு காலிமுகத்திடலில் வைத்து நொறுக்கியது. எஞ்சுவது மாடும் எருமையும். அவை வன்னியில் தாராளம்.

மாட்டின் உடலில் பிடிக்கென்றே செய்ததுபோல ஓர் எலும்பு உண்டு. முழங்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலே, நேராக நிற்கும் எலும்பு. அந்த இடத்தில் தசை இல்லை. தோலும் நரம்புக் கயிறுகளும்தான். அதனால் சுத்தமாக்குவது எளிது. மாட்டின் முழுப்பாரமும் அதன்வழியே இறங்குவதால் சுவர் தடிப்பு, இழைகள் நெட்டுக்கு ஓடுகின்றன. முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளம் தெரியும். கருவில் தனித்தனியாக உருவாகும் இரண்டு எலும்புகள் ஒட்டி ஒன்றான தடயம் அது. கீழ்முனையில் இரண்டு குமிழாகப் பிரிந்து இரண்டு குளம்புகளுக்குப் போவதும் அதனால்தான். ஆட்டிலும் மானிலும் இதே அமைப்பு. பிடி செய்பவர் அந்தப் பள்ளத்தைக் கவனிப்பது நல்லது. வெடிப்பு ஓட விரும்பும் கோடு பலசமயம் அதுதான்.

எந்த மாட்டினது என்பதும் கேள்வி. இறைச்சிக்காக வெட்டப்பட்ட, நோயற்ற மாட்டின் எலும்பு மட்டும். காட்டோரத்தில் செத்துக் கிடந்த மாட்டின் எலும்பைத் தொடவே கூடாது. அடைப்பான் நோயின் கிருமி வித்துகளாக உறங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் விழித்தெழக்கூடியது. பிரித்தானியாவில் இருபதாம் நூற்றாண்டில் இறக்குமதி எலும்புத்தூளால் இந்நோய் கண்டவர்கள் உண்டு. சாதாரணக் கொதிநீருக்கு அந்த வித்து அஞ்சாது.

அடுத்தது சுத்தமாக்கல். பெரும்பாலான எலும்புப் பிடிகள் பாழாவது இங்கேதான், காரணம் அவசரம். பெரிய சட்டியில் போட்டு நாள்முழுக்கக் கொதிக்கவைத்தால் சதை கழன்றுவிடும், உண்மைதான். கூடவே கொலாஜனும் ஜெலற்றினாகக் கரைந்து வெளியேறும். எலும்புச் சூப்பு ஆறியதும் கட்டியாவது அதனால்தான். சூப்புக்கு எது நல்லதோ அது பிடிக்குக் கேடு. அதிகம் கொதித்த எலும்பு வெண்சுண்ணம்போல மங்கி, அரம் பட்டதும் செதில் செதிலாக உதிரும். அடுப்பில் போட்ட கோழியெலும்பின் பாதி வழியை அது போய்விட்டது என்று அர்த்தம்.

நிதானமான வழி வேறு. இரண்டு முனைக் குமிழ்களையும் வாளால் அறுத்து நீக்கவேண்டும். உள்ளே இருக்கும் எலும்பு மச்சையைக் கம்பியால் குத்தி வெளியே தள்ளவேண்டும். பிறகு இளஞ்சூடான நீரில், சலவைத்தூள் சேர்த்து, நீரை மாற்றி மாற்றி ஊறவிடவேண்டும். கொதிநிலைக்கு வெகு கீழே. இதன் நோக்கம் கொழுப்பை எடுப்பது. எலும்புக்குள் நுண்துளைகள் நிறைய. அவற்றில் தங்கிய கொழுப்பு எடுபடாமல் போனால், மாதங்கள் கழிந்து மஞ்சளாகக் கசியும், காறல் மணம் வீசும், பசை ஒட்டாது. வெண்மை வேண்டுமானால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐதரசன் பரொட்சைட்டு போதும். துணி வெளுக்கும் குளோரின் திரவம் வேண்டாம். அது கொலாஜனைத் தின்னும். வெண்மை வரும், வலு போகும். உத்தரப்பிரதேசத்தின் சம்பலில் எருமையெலும்பையும் கொம்பையும் கொண்டு பெரும் கைத்தொழிலே நடக்கிறது. இலக்னோவில் தந்தம் செதுக்கிய குடும்பங்கள் தந்தத் தடைக்குப் பிறகு எலும்புக்கு மாறின. அங்கெல்லாம் சோடா போட்டுக் கொதிக்கவைப்பதும் உண்டு. எத்தனை நேரம், எப்போது இறக்குவது என்பது அவர்கள் கைப்பழக்கம். அது இல்லாதவருக்கு இளஞ்சூடே பாதுகாப்பு.

எறும்புப் புற்றருகே புதைத்துவைத்து எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எறும்பு சதையை நன்றாகவே துப்புரவாக்கும், கொழுப்பை எடுக்காது. மண்ணில் மறந்துவிட்டால், மேலே சொன்ன கதைதான்.

காயவைப்பதில் வன்னிக்கென்று ஓர் எச்சரிக்கை தேவை. எலும்பு காயும்போது நெட்டில் குறைவாகவும் சுற்றளவில் அதிகமாகவும் சுருங்கும், இழைகள் நெட்டுக்கு ஓடுவதால். வெளிப்புறம் சுருங்கி உட்புறம் இன்னும் ஈரமாக இருந்தால் மேற்பரப்பு நெட்டுக்கு வெடிக்கும். வைகாசி, ஆனி மாதங்களில் சோளகம் வீசும்போது முற்றத்தில் போட்ட எலும்புக்கு இது நிச்சயம். நிழலில், காற்றுப்படாத மூலையில், அறுத்த முனைகளுக்கு மெழுகு பூசி வைப்பதே சரி.

அறுப்பதும் துளையிடுவதும் ஈரமாக நடக்கவேண்டும். நனைந்த எலும்பு காய்ந்ததைவிட இணக்கமானது. வாளும் அரமும் சூடேறாது, தூளும் பறக்காது. எலும்புத்தூள் மூச்சுக்குழாய்க்கு ஆகாது என்பதால் மூக்கும் வாயும் மூடியபடி வேலை செய்யவேண்டும்.

பிடி மாட்ட இரண்டு வழி. எலும்பின் குழலை அப்படியே எடுத்து அலகின் வாலை உள்ளே செருகலாம். இடைவெளியை நிரப்ப, அரக்கை உருக்கிச் செங்கல் தூள் கலந்து ஊற்றுவது இந்தியாவின் பழைய முறை. இன்று எப்பொக்சி. அல்லது குழலைப் பிளந்து இரண்டு தகடாக்கி, அலகின் வாலுக்கு இரு பக்கமும் வைத்து ஆணி இறுக்கலாம். இரண்டாவதில்தான் பலரும் அழுவார்கள். 1975 இல் ரைலி, பேர்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் மனிதத் தொடையெலும்பை இழுத்துப் பார்த்தபோது, நெட்டுவாக்கில் சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 135 நியூட்டன் தாங்கிய எலும்பு, குறுக்குவாக்கில் 53 இலேயே விட்டுக்கொடுத்தது. ஆணியை அடித்து விரியவைக்கும்போது எலும்பைக் குறுக்காகத்தான் பிளக்கிறோம். துளை ஆணியைவிட ஒரு மயிரளவு பெரிதாக இருக்கட்டும், முனையிலிருந்து தள்ளியிருக்கட்டும், சுத்தியல் இலேசாக விழட்டும்.

மெருகுக்கு அரத்தாளைத் தேடவேண்டியதில்லை. பராய் மரத்தின் இலை போதும். உலர்வலயத்தில் பற்றையாகவும் மரமாகவும் வளரும் அது, திருச்சிக்கருகே திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமும்கூட. அதன் இலை தொட்டாலே சொரசொரக்கும். மரத்தையும் தந்தத்தையும் அதைக்கொண்டே தேய்த்து வந்திருக்கிறார்கள். அந்தச் சொரசொரப்பு இலை தன் மேற்தோலில் சேர்த்துவைத்திருக்கும் கனிமத் துணுக்குகளால் வருவது. இலையால் தேய்த்தபின் சாம்பலும் துணியும். சரியாகச் செய்த எலும்பு தந்தத்துக்கு அருகே வந்துவிடும். உற்றுப் பார்த்தால் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். இரத்தக்குழாய்கள் ஓடிய வழிகள் அவை. தந்தத்தில் அவை இரா.

எல்லாக் கத்திக்கும் எலும்புப் பிடி பொருந்துமா என்றால், இல்லை என்றே சொல்வேன். காட்டுக்கத்திக்கும் கோடரிக்கும் மரமே ராசா. வியர்வைக் கையில் எலும்பு வழுக்கும், நாள்முழுக்க அதிரும் வேலையில் வெடிக்கும். ஓலை வார்கிற சத்தகம், தோல் தைக்கும் ஊசி, சிறு உளி என்று விரல் நுனியால் ஆளும் கருவிகளுக்கு அது பொருத்தம். சைவ வீடுகளில் மாட்டெலும்பை உள்ளே எடுக்கத் தயங்குவதும் நம் பக்கத்தில் அது பரவாததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எலும்பே அடிவாங்கும் ஒரு தொழில் கேரளத்தில் உண்டு. கள் இறக்குபவர்கள் தென்னம்பாளையைத் தட்டிப் பதப்படுத்தக் கையில் வைத்திருப்பது மிருகத்தின் காலெலும்பைத்தான்.

இப்போது மழைக்காட்டுக்குப் போவோம். களுத்துறை மாவட்டத்தில், சீன யாத்திரிகர் பாகியானின் பெயரைத் தாங்கிய பாஹியன் குகையில், எலும்பாலான 130 அம்புமுனைகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். தொல்லியலாளர் மிசேல் லாங்லியும் இலங்கை ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவும் 2020 இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றில் மிகப் பழையவற்றுக்கு ஏறத்தாழ 48,000 ஆண்டு வயது சொல்கிறது. பெரும்பாலானவை குரங்கின் எலும்புகள். சிலவற்றில் தண்டோடு கட்டுவதற்கான வெட்டுப்பள்ளங்கள் இருக்கின்றன. கட்டிய தண்டும் கட்டிய நாரும் போய்விட்டன, கட்டு விழுந்த இடம் மிஞ்சியது.

வன்னியில் அழிந்த எலும்பு மழை அதிகமான அந்தக் காட்டில் எப்படிப் பிழைத்தது? குகையின் கூரை மழையைத் தடுத்தது, அது பாதிக் காரணம். மறுபாதி குடியிருந்தவர்களின் சாப்பாடு. இலங்கைக் குகைகளின் கற்கால மண்ணில் நத்தை ஓடுகள் ஏராளம். நத்தை ஓடு சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பலும் காரம். உள்ளே கசியும் அமிலத்தை எலும்புக்கு முன்பாக அவை வாங்கிக்கொண்டன.

முழுப் பிடியே கிடைத்த இடமும் உண்டு. மத்தியதரைக் கடலோரம், கார்மேல் மலைப் பகுதியின் எல்-வாத், கெபாரா குகைகளில் நத்தூபியர் என்று அழைக்கப்படும் மக்கள் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன அரிவாள்கள். எலும்புப் பிடியில் நெட்டுக்கு ஒரு காடி வெட்டி, அதில் தீக்கல் சில்லுகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். சில பிடிகளின் முனையில் ஒரு மிருகத்தின் தலையைச் செதுக்கியும் இருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் குகை அதைக் காத்துத் தந்தது. பயிர்ச்செய்கை இன்னும் தொடங்காத காலத்தில் காட்டுத் தானியத்தை அறுத்த அரிவாள் அது.

இலங்கையின் நுண்கற்கருவிகளும் இப்படி எதிலோ பதிக்கப்பட்டவைதாம். நான்கு சென்றிமீற்றருக்கும் குறைவான சில்லை விரல்களால் மட்டும் பிடித்து வேலை வாங்க முடியாது. பதித்தது எலும்பிலா, மரத்திலா, மூங்கிலிலா என்பதை இரணைமடு மண் சொல்லப்போவதில்லை. ஆனால் கல்லில் ஒரு குறி இருக்கிறது. இவ்வகைச் சில்லுகள் பலவற்றில் ஒரு விளிம்பு சவரக்கத்திபோலக் கூராக இருக்க, எதிர் விளிம்பு சிறுசிறு தட்டல்களால் வேண்டுமென்றே மழுக்கப்பட்டிருக்கும். கைக்குக் காயம் வராமல் இருக்கவும், பிடியின் காடிக்குள் பசையோடு இறுகி உட்காரவும் செய்த வேலை அது. வீதிக்குக் கிறவல் அள்ளும் குழிகளின் ஓரத்தில் குவாட்ஸ் சில்லு கண்ணில் பட்டால் எடுத்துப் போகவேண்டாம், கிடந்த இடத்திலேயே வைத்து முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். ஒழுங்கான சிறு வெட்டுகள் வரிசையாக விழுந்திருந்தால், பிடி பொருந்தியிருந்த பக்கம் அதுதான். பிறகு தொல்லியல் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். குழியிலிருந்து பெயர்த்தெடுத்த சில்லுக்கு வயது சொல்ல யாராலும் முடியாது.